மிஸாஜ்: ஒதுங்கி நிற்கும் குழந்தையும் இப்னு சீனாவும்

கம்பம், உத்தமபாளையம் பகுதி மக்தபுகளில் புதிதாய்ச் சேரும் பிள்ளைகளுள் சிலர் அத்தாவின் கைலியைப் பற்றிக்கொண்டு விடமாட்டார்கள். பாடம் மனத்தில் இருக்கும். ஓதச் சொன்னால் நா எழாது. இதனைப் பிடிவாதம் என்றோ கண்ணேறு என்றோ நாம் சொல்லிவிடுகிறோம். நம் முன்னோரின் மருத்துவ நூல்களில் இதற்கு வேறொரு பெயர் உண்டு: மிஸாஜ், அதாவது உடலோடு பிறந்த இயல்பு.

கிரேக்க மருத்துவர் காலன் வழிவந்த இக்கருத்தை விரித்துரைத்தவர் இப்னு சீனா (980–1037). ‘அல்கானூன் ஃபித் திப்’ நூலின் முதற்பகுதியில், கடுங்கோபம், பேரச்சம், துயரம், உறக்கமின்மை ஆகியவை குழந்தையை ஆட்கொள்ளாமல் காப்பதே வளர்ப்பின் தலையாய கவனம் என்கிறார். மிஸாஜ் கெட்டால் குணம் கெடுகிறது. தீய குணம் பழக்கமாகி ஊன்றினால் அது திரும்பி மிஸாஜையே கெடுக்கிறது. ஆக, பிறவி இயல்பை மாற்றவியலாத விதியாக அவர் கருதவில்லை. ஆறு வயதில் ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம், ஆனால் படிப்படியாக. ஒரேயடியாகக் கிதாபோடு கட்டிப்போடலாகாது என்றும் எழுதினார். ஆசிரியர்களாகிய நாம் இப்பகுதியை அதிகம் எடுத்துரைப்பதில்லை!

அவருக்கும் முந்தியவரான அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு 934), காரணம் தெரிந்த துயரத்தையும் காரணமின்றிச் சூழும் துயரத்தையும் பிரித்துக் காட்டினார். பின்னதன் வேர் உடலில் உள்ளது, அதற்கு மருத்துவமும் வேண்டும் என்பது அவர் முடிவு. அதனை ஈமானின் குறையாக அவர் எண்ணவில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரோம் ககன், நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய ஒலிகளையும் காட்சிகளையும் அறிமுகப்படுத்திப் பார்த்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை கைகால் உதறி அழுதது. அவர்களுள் பலர் கூச்சமும் பதற்றமும் உடையோராய் வளர்ந்தனர். எனினும் பெரும்பாலோர் நோயுறவில்லை. மேரிலாந்து ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட முடிவு நம் கவனத்திற்குரியது. 14 மாதத்தில் ஒதுங்கி நின்ற குழந்தைகள் 26 வயதிலும் அடங்கிய இயல்பினராய் இருந்தனர். அவர்களுள், பதின்வயதில் தம் பிழையைக் கண்டு மூளை மிகையாகத் துணுக்குற்றோரிடமே பிற்காலத்தில் பதற்றமும் மனச்சோர்வும் மிகுந்து காணப்பட்டன.

தஜ்வீதில் ஓர் எழுத்துப் பிழைக்கு எல்லோர் முன்னும் பிரம்பெடுக்கும் வழக்கத்தை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். துணிவுள்ள பிள்ளை மறுநாளே அதனை மறந்துவிடும். அஞ்சும் பிள்ளையோ பிழையையே அஞ்சக் கற்றுக்கொள்ளும் என்பது நம் கருத்து.

வளர்ந்தபின் சோர்வு வாரக்கணக்கில் நீங்காவிடில், துஆவுடன் மருத்துவமும் தேவை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நம் சமுதாயம் அறியும். நம் பள்ளத்தாக்கினருக்குக் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அவ்வளவு தூரம் செல்லத் தயங்குவோர் 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.