நான்சி நகரின் வழிகாட்டித் தடப் பேருந்து

பிரான்சின் வடகிழக்கே லொரைன் பகுதியில் உள்ள நான்சி நகரில் 2001 முதல் 2023 வரை இயங்கிய பொதுப் போக்குவரத்து அமைப்பு டி.வி.ஆர். ஆகும். ‘ஒதுக்கப்பட்ட தடத்தில் போக்குவரத்து’ என்பது இப்பிரெஞ்சுப் பெயரின் பொருள்.

பின்னணி

நான்சியின் பழைய டிராம் 1958இல் நிறுத்தப்பட்டது. 1980களில் மேல்கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் டிராலி பேருந்துகள் வந்தன. டிராமைவிடக் குறைந்த செலவில் அதே வசதியைத் தரவும், பிரபுவா குன்றின் செங்குத்தான சாலையில் ஏறவும் வல்ல ஊர்தி தேவைப்பட்டது. இருந்த மின்கம்பிகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதும் டி.வி.ஆரைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

இயங்கிய முறை

பம்பார்டியர் நிறுவனம் தயாரித்த இவ்வூர்தி மூன்று பெட்டிகள் இணைந்தது, நீளம் 24.5 மீட்டர். ரப்பர் சக்கரங்களே எடையைத் தாங்கின. சாலையின் நடுவே பதித்த ஒற்றைத் தண்டவாளம் வழியை மட்டும் காட்டியது. தண்டவாளம் இல்லாத பகுதிகளில் ஓட்டுநர் சாதாரணப் பேருந்தைப் போலத் திருப்பி ஓட்டினார். குன்றுச் சாலை அத்தகைய பகுதியே.

சிக்கல்கள்

2001 பிப்ரவரியில் சேவை தொடங்கியது. அடுத்தடுத்த விபத்துகளால் மார்ச் மாதமே நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டு கழித்தே மீண்டும் இயங்கியது. சக்கரங்கள் எப்போதும் ஒரே கோட்டில் உருண்டதால் சாலையில் பள்ளம் விழுந்தது. தண்டவாளத்தையும் சாலையையும் சேர்த்தே பராமரிக்க வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. நான்சியையும் கான் நகரையும் தவிர எந்த நகரமும் இந்த அமைப்பை வாங்கவில்லை. பம்பார்டியரும் தயாரிப்பைக் கைவிட்டது. தண்டவாளம் ஒரே வகை ஊர்திக்கென அமைந்ததால், வேறு நிறுவனத்தின் ஊர்தியை அதில் ஓட்ட வழியில்லை. பழுது பார்ப்பதும் உதிரிபாகம் பெறுவதும் கடினமாயின.

முடிவு

கான் நகரம் 2017 இறுதியில் தன் சேவையை மூடி, 2019இல் வழக்கமான டிராமுக்கு மாறியது. நான்சியும் முதலில் டிராமையே திட்டமிட்டது. பின்னர் அத்திட்டத்தைக் கைவிட்டது. 2023 மார்ச் 12 அன்று டி.வி.ஆர். கடைசியாக ஓடியது. 2025 ஏப்ரலில் அதே வழித்தடத்தில் புதிய டிராலி பேருந்துகள் ஓடத் தொடங்கின.

தொடக்கச் செலவு குறைவு என்று கருதி ஒரே நிறுவனத்தின் தனித்த தொழில்நுட்பத்தை ஏற்கும் நகரம், அந்நிறுவனம் விலகும்போது தனித்து நிற்க நேரும் என்பதற்கு நான்சி சான்றாகும். பலர் தயாரிக்கும் பொதுத்தர டிராமோ டிராலி பேருந்தோ இந்த இடரைக் குறைக்கிறது.