கோப்பியின் வீழ்ச்சியும் விஞ்ஞானத்தின் எல்லையும்

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைத் தோட்டமொன்றிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்திற் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்கிலி என்னும் அறிஞர் அதே ஆண்டில் அப்பங்கசுக்கு ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். நோய்க்குப் பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. ஆயினும் தோட்டத்துரைமார் அஞ்சினாரல்லர். கோப்பியின் விலையுயர்வு விளைச்சற் குறைவை மறைத்தது. டிம்புல, டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளிற் காடுகள் மேலும் அழிக்கப்பட்டுக் கோப்பியே நடப்பட்டது.

1880இல் மார்சல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளரை அரசு வரவழைத்தது. அப்போது அவர்க்கு வயது இருபத்தாறே. மண்ணின் வளக்குறைவே நோய்க்குக் காரணம் எனவும், காலநிலையே காரணம் எனவும் துரைமார் வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்துக் காற்றிலே பறந்துவரும் வித்திகளை வார்ட் பிடித்தார். ஈரமான இலையில் அவை முளைத்து, இலைவாய்களின் வழியே உட்புகுவதை நுணுக்குக்காட்டியிற் கண்டார். ஒரே பயிரை இடையீடின்றி மலைக்கு மலை நட்டமையே நோய் விரைந்து பரவ வழிசெய்தது என்பதும் அவர் ஆய்வினாற் புலனாயிற்று. இதனினும் தெளிவான ஆய்வை அந்நூற்றாண்டின் தாவரவியலில் எதிர்பார்த்தல் அரிது. ஆனால் 1882இல் அவர் நாடு திரும்பியபோது கோப்பியைக் காக்கும் வழி எதுவும் துரைமார் கையில் இருக்கவில்லை. ஆய்வாளரிடம் அவர்கள் வேண்டியது விளக்கமன்று, மருந்து. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதற்கடுத்த ஆண்டிலேதான், பிரான்சின் திராட்சைத் தோட்டங்களிலே, செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை பங்கசு நோய்க்கு மருந்தென அறிவிக்கப்பட்டது!

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, கோப்பி அழிந்த நிலமெங்கும் பரவியது. கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேயே ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். தமிழகத்திலிருந்து நடந்து வந்தோரிற் பலர் வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். எனவே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. மலையகத் தமிழரின் வரலாற்றில் இப்பங்கசுக்கு உள்ள இடம் சிறிதன்று.

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1946இல் தேயிலையிற் கொப்புள நோய் தோன்றியபோது செப்பு மருந்து ஆயத்தமாக இருந்தது, செடி பிழைத்தது. ஆனால் எதனை ஆராய்வது என்பதை விஞ்ஞானம் தானே தீர்மானிப்பதில்லை. இலாபமும் ஆட்சியுமே பெரும்பாலும் அதனைத் தீர்மானிக்கின்றன. இலையின் நோய்க்கு ஆய்வுகூடம் எழுந்த அளவு விரைவாக லயத்து வாழ்வைப்பற்றிய வினா எழவில்லை. கொப்புள நோய்க்கு மருந்து தெளிக்கப்பட்ட அதே காலத்தில், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அச்செடியைப் பேணியோரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்த நாடற்றவர்க்கும் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.