ஊருக்கெல்லாம் பதில் சொன்ன பிள்ளைகள்



பள்ளி விட்டு வந்த பிள்ளை பையை மூலையில் போட்டுவிட்டுச் சோறு வேண்டாமென்று சுருண்டு படுத்தால், யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று தாய்க்குத் தெரிந்துவிடும். நிறத்தைச் சொல்லியிருப்பார்கள், அல்லது "தோட்டத்துப் பிள்ளைதானே" என்றிருப்பார்கள். சொன்னவர் மறந்துவிடுவார். கேட்ட பிள்ளை மறப்பதில்லை. இப்படிச் சொல் கேட்டு வளர்ந்த முஸ்லிம் பிள்ளைகள், ஆங்கில நாவல்களில் கதைத்தலைவிகளாக வந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் அமெரிக்காவில் நடந்த தாக்குதலில் ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். விமானங்களைக் கடத்தியவர்கள் 19 பேர். பழியோ மேலை நாடுகளில் அமைதியாக வாழ்ந்துவந்த எண்ணற்ற முஸ்லிம் குடும்பங்களின் மேல் விழுந்தது. முக்காடிட்ட மாணவி பேருந்தில் ஏறினால் பார்வைகள் மாறின. நம் நாட்டில் தூடோங் என்று நாம் நாள்தோறும் காணும் அதே துணிதான் அங்கே சந்தேகத்திற்குக் காரணமாயிற்று.

1990-ல் ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியை ஒரு கருத்தை எழுதினார். பிறர் வாழ்வைக் காட்டும் சன்னலாகப் புத்தகம் இருக்கிறது. படிப்பவரையே காட்டும் முகக்கண்ணாடியாகவும் இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். முஸ்லிம் பிள்ளைகளுக்கு அந்தக் கண்ணாடி நெடுங்காலம் அரிதாகவே கிடைத்தது. பிறகு, குடியேறியவர்களின் பெண்மக்களே எழுதத் தொடங்கினார்கள்.

2005-ல் ஆஸ்திரேலியாவில் ரண்டா அப்தெல் பத்தாஹ் எழுதிய நாவல் வெளிவந்தது. ‘இதைப் போட்டால் என் தலை பெரிதாகத் தெரிகிறதா?’ என்பது அதன் தலைப்பின் பொருள். மெல்பர்னில் படிக்கும் 16 வயது அமால், யாரும் வற்புறுத்தாமல் தானே முக்காடிட முடிவு செய்கிறாள். 2002-ல் பாலித் தீவில் குண்டு வெடித்ததும், அதைப்பற்றி விளக்கிப் பேசும்படி பள்ளியில் அவளைத்தான் கேட்கிறார்கள். உன் மதத்தில் பிறந்தவர் செய்த கொடுமைக்கெல்லாம் நீ பதில் சொல்வாயா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். அவளுக்கும் வகுப்புத் தோழன் ஆடம் மேல் மனம் சாய்கிறது. ஆனால் அவன் முத்தமிட நெருங்கும்போது, தன் நெறிக்கு அது ஒவ்வாது என்று விலகிக்கொள்கிறாள்.

2016-ல் அமெரிக்காவின் சைமன் அண்ட் சூஸ்டர் நிறுவனம், முஸ்லிம் பிள்ளைகளைப் பற்றிய நூல்களுக்கென்றே ‘சலாம் ரீட்ஸ்’ என்ற பதிப்பகப் பிரிவைத் தொடங்கியது. 2018-ல் குறிப்பிடத்தக்க இரு நாவல்கள் வேறு பதிப்பகங்களிலிருந்து வந்தன. ஒன்று, பம்பாயில் பிறந்த சமீரா அஹ்மது எழுதியது. அதில் வரும் மாயாவுக்குத் திரைப்படம் எடுக்கவேண்டும் என்று ஆசை. எங்கோ நடந்த தாக்குதலில், அவள் குடும்பப் பெயரைக் கொண்ட ஒருவர் மேல் சந்தேகம் எழ, அவள் வீட்டார்மேல் பகை திரும்புகிறது. குற்றவாளி வேறொருவன் என்று பின்னர் தெரிகிறது. மற்றொன்று, ஈரானியப் பெற்றோரின் மகளான தஹேரே மாபி எழுதியது. அதில் 16 வயது ஷிரினும் கூடைப்பந்து வீரன் ஓஷனும் அன்பு கொள்கிறார்கள். ஊரே ஏசுகிறது, அவனுடைய பயிற்சியாளரும் தாயும்கூட அவளை விலகிப்போகச் சொல்கிறார்கள்.

இக்கதைகளில் முதற்காதல் எதற்காக வருகிறது? ஊரார் இப்பெண்களை ஒரு கூட்டத்தின் பிரதிநிதியாகவே பார்க்கிறார்கள். விரும்பியவன் மட்டும் அவளைப் பெயர் சொல்லி அழைத்து, உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிறான். அந்த ஒரு கேள்விக்காக ஏங்கிய நெஞ்சைத்தான் எழுத்தாளர்கள் காட்டினார்கள். காதலுக்கு அவர்கள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஒருத்தி விலகுகிறாள், ஒருத்தி பெற்றோருடன் வாதிடுகிறாள், ஒருத்தி அவன் நன்மைக்காகவே பிரிகிறாள்.

நம் நாட்டிலும் ஒரு நூல் பிறந்தது. 2019-ல் மலேசியரான ஹன்னா அல்காப் எழுதிய நாவலை சலாம் ரீட்ஸ் வெளியிட்டது. அது காதல் கதையன்று. 1969 மே 13 கலவரத்தில் கோலாலம்பூரில் சிக்கிய மெலாத்தி என்ற 16 வயது மலாய் மாணவியின் கதை. அவளைக் காப்பாற்றித் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்பவர் ஒரு சீன அம்மாள். மேலை நாடுகளில் முஸ்லிம்கள் சிறுபான்மையினர், இங்கே பெரும்பான்மையினர். இருந்தும் ஆளைப் பார்க்காமல் இனத்தைப் பார்க்கும் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதற்கு நாமும் விலக்கல்லர்.

ஆகவே பெற்றோரே, வயது வந்த மகள் கதைப்புத்தகம் படித்தால் கெட்டுப்போவாள் என்று பிடுங்கிவிடாதீர்கள். என்ன கதை என்று கேளுங்கள். பள்ளியில் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் அவள் அப்போது சொல்லக்கூடும். அதேபோல், நம் பிள்ளை பிறர் பிள்ளையை என்ன சொல்லிவிட்டு வந்தது என்பதையும் கேட்டறிவோம்.