வழக்குரைத்தவளும் வட்டப்பாறையும்

இயலும் இசையும் நாடகமும் விரவி வந்தமையால் சிலப்பதிகாரத்தை முத்தமிழ்க் காப்பியம் என்றும் நாடகக் காப்பியம் என்றும் அறிஞர் போற்றுவர். துன்பியல் நாடகத்திற்குரிய வீழ்ச்சி அதில் முழுமையாக அமைந்துள்ளது. அவ்வீழ்ச்சியின் சுமையைத் தாங்குவோர் பெரிதும் பெண்களே.

கோவலன் பிரிந்திருந்த காலமெல்லாம் கண்ணகி பொறுத்திருந்தாள். அவன் பொருளிழந்து திரும்பியபோது தன் சிலம்பையே முதலாகத் தந்தாள். மாதவி உண்மையன்பு கொண்டிருந்தும் கணிகையர் குலத்துப் பிறந்தமையால் ஐயுறப்பட்டாள். அவள் விடுத்த முதல் மடலைக் கோவலன் வாங்கவும் மறுத்தான். பாண்டிமாதேவியோ கணவன் செய்த பிழைக்குத் தன் உயிரையும் உடன் ஈந்தாள்.

ஆயினும் வழக்குரை காதையில் இளங்கோவடிகள் ஒரு பெண்ணை அரசவையின் நடுவே நிறுத்திப் பேசவைக்கிறார். அங்கே கண்ணகி வென்றது கண்ணீராலன்று, சான்றினால். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். அவள் உடைத்த சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்ற மன்னன், தன் பிழையைத் தானே உணர்ந்து உயிர் நீத்தான்.

விவிலியத்தில் தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. முதியோர் இருவரின் பொய்ச்சான்றால் சூசன்னாவுக்குச் சாவு விதிக்கப்பட்டது. இளைஞர் தானியேல் அவ்விருவரையும் தனித்தனியே விசாரித்து அவளைக் காத்தார். மதுரையிலும் விசாரணை நடந்தது; ஆனால் கொலைக்குப் பின்னரே நடந்தது.

பிற்காலம் கண்ணகியைத் தெய்வமாக்கியது. நம் திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் வட்டப்பாறையம்மன் சந்நிதி உண்டு. மதுரையை எரித்த சினம் தணியாது இங்கு வந்த கண்ணகி கிணற்றில் இறங்க, வட்டப்பாறையால் அது மூடப்பட்டது என்பது வாய்மொழி மரபு. மெரினா கடற்கரையில் 1968-இல் எழுந்த அவள் சிலை 2001-இல் அகற்றப்பட்டு, 2006-இல் மீண்டும் நிறுவப்பெற்றது. சிலையின் கையில் இருப்பது சிலம்பு, அஃதாவது, சான்று. நாமோ அவளைக் கற்பின் வடிவமாக மட்டுமே போற்றி, நீதி கேட்ட வழக்காளியை மறந்துவிடுகிறோம். அச்சினத்தை வணங்குவது நமக்கு எளிது. அச்சினம் எழுந்த காரணத்தை ஆராய்வது கடினம்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலையும் ஆலைகளையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. கணவனைக் கடலிலோ வேலையிடத்திலோ இழந்த பெண், தாள்களைக் கையில் ஏந்தி அலுவலக வாயில்களில் காத்து நிற்பது இங்கு அரிய காட்சியன்று. அவளுடைய பொறுமையைப் புகழ்ந்துவிட்டு நாம் நகர்ந்துவிடல் ஆகாது. அவள் சொல்வதை முழுமையாகக் கேட்போம். கையிலுள்ள சான்றைப் படித்துப் பார்ப்போம். தேவையெனில் அவளுடன் அவ்வாயில் வரை நடப்போம். தானியேல் செய்ததும் அதுவே; உரிய காலத்தில் செய்தார்.