மின்தடையும் கேர்னல் பதிவும்: மண்டூரை முன்வைத்து ஓர் ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள மண்டூரில் லினக்ஸில் இயங்கும் ஒரு கணினி இரவில் தானாக நின்று மீண்டும் எழுகிறது என்று கொள்வோம். பழுது பார்ப்பவர் மறுகரையைச் சேர்ந்தவரானால் குருமண்வெளியில் ‘பாதை’ எனப்படும் படகில் ஏறவேண்டும். அல்லது களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வரவேண்டும். அவர் வந்து சேர்வதற்குள் நாட்கள் சென்றிருக்கும். இயங்குதளத்தின் கருவான கேர்னல் எழுதிவைத்த பதிவைத் தவிர அவருக்கு வேறு சாட்சி இல்லை. அந்தப் பதிவிடம் அவர் முதலில் கேட்க வேண்டியது, கேர்னல் முறிந்ததா, மின்சாரம் போனதா என்பதே. லினக்ஸின் பதிவுக் கருவிகள் முதல் நிலையை நுணுக்கமாக விளக்குவதற்காக வளர்ந்தவை. இரண்டாவது நிலையில் அவை ஒன்றும் சொல்வதில்லை. மின்சாரம் நிலையற்ற ஊர்களில் இவ்விரண்டையும் பிரித்தறிவதையே பதிவு ஏற்பாட்டின் முதல் நோக்கமாகக் கொள்ளவேண்டும் என்பது என் வாதம்.

இக்கருவிகளின் வரலாற்றில் நம் பிராந்தியத்துக்கும் பங்குண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கேர்னலின் ஏறத்தாழ எந்தக் கட்டளையிலும் உளவுப்புள்ளி வைக்க உதவும் கேப்ரோப்ஸின் முதல் வடிவத்தை 2002இல் ஐ.பி.எம். இந்தியப் பிரிவின் வம்சி கிருஷ்ணா எழுதினார். பிரசன்னா பஞ்சமுகி போன்றோர் திருத்தியபின் அது 2004இல் 2.6.9 பதிப்பில் சேர்ந்தது. முறிந்த கேர்னலின் நினைவகத்தை இரண்டாவது கேர்னல் ஒன்றைக் கொண்டு படியெடுக்கும் கேடம்ப், 2005இல் 2.6.13 பதிப்பில் வந்தது. செயற்கூறுகளின் ஓட்டத்தைத் தடம்பிடிக்கும் எஃப்ட்ரேஸ் 2008இல் வந்தது. மூன்றும் அரிய பொறியியல் சாதனைகள். ஆனால் மூன்றும் தம் தகவலை முதலில் நினைவகத்தில்தான் வைக்கின்றன. மின்சாரம் போனால் நினைவகமும் போகும்.

வன்றட்டில் எழுதப்படும் பதிவுக்கும் முழு உத்தரவாதம் இல்லை. பல லினக்ஸ் கணினிகளில் பதிவுகளைச் சேமிக்கும் சிஸ்டம்டி ஜேர்னல் இயல்பு அமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையே தன் கோப்புகளை வட்டோடு ஒத்திசைக்கிறது. மிகக் கடுமையான செய்திகளை மட்டுமே உடனுக்குடன் ஒத்திசைக்கும். மின்தடைக்கு முன் அப்படியான செய்தி எதுவும் பிறப்பதில்லை. ஆகவே கடைசி நிமிடங்கள் வட்டில் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. மறுதொடக்கத்தில் கோப்பு முறைமை தன்னை மீட்டுக்கொண்டதாக வரும் வரியை மின்தடைக்குச் சான்றாகக் கொள்வதும் பிழை. கேர்னல் முறிந்தாலும் அதே வரி வரும்.

2011இல் கேர்னலில் சேர்ந்த பிஸ்டோர் இங்கே ஓரளவு கைகொடுக்கும். யூ.ஈ.எஃப்.ஐ. கொண்ட கணினிகளில், முறியும் கேர்னலின் இறுதி வரிகளை மின்சாரம் போனாலும் அழியாத சேமிப்பில் அது வைக்க முடியும். அது சரியாக இயங்கும் கணினியில் அங்கே ஒன்றும் இல்லை என்றால், மின்தடை என்ற ஊகம் வலுப்பெறும். பழைய பயோஸ் கணினிகளுக்குப் பொதுவாக இந்த வசதி இல்லை.

மூன்றாவது நிலை ஒன்று இருக்கிறது. ஆய்வாளரை அதிகம் ஏமாற்றுவது அதுதான். கேர்னல் முறியாமல் உறைந்துவிடுகிறது. பொறுமையிழந்த ஒருவர் ஆளியை அழுத்தி நிறுத்துகிறார். அதன்பின் எஞ்சும் மௌனத்தை மின்தடையின் மௌனத்திலிருந்து வேறுபடுத்துவது மிகக் கடினம். இதற்கு மருந்து கேர்னலிலேயே உண்டு. ஒரு செயலி வேறு பணிக்கு இடம்விடாமல் ஏறத்தாழ 20 விநாடி சிக்கியிருந்தால் கேர்னல் எச்சரிக்கை எழுதும். எச்சரிப்பதோடு நில்லாமல் முறிந்து, தானே மறுதொடங்கும்படியும் அதை அமைக்கலாம். அப்போது அவ்வகை உறைவு முறிவாக மாறி, பிஸ்டோர் இயங்கும் கணினியில் சுவடு விடும். தற்காலிகச் சிக்கலிலிருந்து மீளக்கூடிய கணினியையும் இது வீழ்த்திவிடும், பயனாளரின் வேலை அழியும் என்ற மறுப்பு நியாயமானது. ஆயினும் காரணம் தெரியாமல் வாரந்தோறும் நிற்கும் கணினியில் அந்த வேலை எப்படியும் அழிகிறது. காரணம் பிடிபடும்வரை இந்த அமைப்பை வைத்திருப்பதே சரி.

பல கணினிகள் ஒரே மின்னிணைப்பில் இருக்கும் பாடசாலை அறையில் இன்னும் மலிவான வழி உண்டு. நெட்கன்சோல் என்னும் கூறு கேர்னல் செய்திகளை வலையமைப்பு வழியே வேறொரு கணினிக்கு அனுப்பும். பெறும் பக்கத்தில் மின்கலம் நன்றாக உள்ள பழைய மடிக்கணினி ஒன்று போதும். ஒவ்வொரு கணினியும் தன் கேர்னல் பதிவில் நிமிடத்துக்கொரு வரி எழுதும்படி செய்துவிட்டால், ஒன்று மட்டும் நின்றால் கோளாறை அந்தக் கணினியில் தேடலாம். எல்லாம் ஒரே நிமிடத்தில் நின்றால் மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம். பொதியை மீள அனுப்பும் வழி இதில் இல்லாததால், ஒரு வரி தவறியதை வைத்து முடிவு கட்டக்கூடாது. மின்தடையை உறுதிசெய்ய மடிக்கணினியின் சொந்தப் பதிவு உதவும். மின்சாரம் போகும்போது வலையமைப்பு ஆளியும் அணைவதால், இணைப்பு அறுந்ததை மடிக்கணினியின் கேர்னல் நேரத்தோடு எழுதிவைக்கும். கணினிகள் ஒவ்வொன்றின் கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டினாலும் பாதகமில்லை; செய்திகள் வந்த நேரமும் இணைப்பு அறுந்த நேரமும் அந்த ஒரே மடிக்கணினியின் கடிகாரத்தில்தான் பதிவாகின்றன.