தீக்கு அடங்காத வாயு

1903 மே மாதம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் டெக்ஸ்டர் என்றொரு சிற்றூர். அங்கே துளையிட்ட கிணறு ஒன்றிலிருந்து பேரிரைச்சலோடு வாயு பீறிட்டது. இனி வீட்டுக்கு வீடு விளக்கு, ஊருக்கு ஆலை என்று எல்லோருக்கும் ஆசை. நாள் குறித்து ஊரைக் கூட்டினார்கள். வைக்கோல் கட்டைக் கொளுத்திக் கிணற்றருகே தள்ளினார்கள். தீப்பிழம்பு வானத்தைத் தொடும் என்று காத்திருந்தவர்கள் கண்முன்னே கட்டு அணைந்தது. மறுபடி கொளுத்தித் தள்ள, மறுபடியும் அணைந்தது. வந்த கூட்டம் முகம் வாடிக் கலைந்தது.

ஹீலியம் பலூன் பிறந்த கதையை இந்த ஏமாற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

கிணற்று வாயு கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனது. கேடி, மெக்ஃபார்லண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக நைட்ரஜன்; தீயை அணைத்தது அதுதான். ஆனால் இன்னதென்று பிடிபடாத மிச்சமும் இருந்தது. விடாமல் துருவியதில் 1905 டிசம்பரில் விடை கிடைத்தது: கிட்டத்தட்ட 2 சதவீதம் ஹீலியம்.

அதுவரை ஹீலியம் என்றால் சூரியனில் தெரிந்த பொருள். 1868 ஆகஸ்ட் 18-இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க வானியலாளர்கள் அன்றைய சென்னை மாகாணத்துக்கு வந்து குவிந்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஜான்சென் குண்டூரில் முகாமிட்டார். சென்னை வான் ஆய்வகத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். சூரிய ஒளியின் நிறமாலையில் அன்று தென்பட்ட மஞ்சள் கோடு ஒரு புதிய தனிமத்துடையது என்று பின்னால் தெளிவானது. பூமியில் அதை 1895-இல் வேதியியலாளர் ராம்சே பிரித்தெடுத்தபோது கிடைத்ததோ துளியளவு. அப்படிப்பட்ட பொருள்தான் கான்சாஸ் மண்ணுக்கடியில் ஏராளமாகக் கிடந்தது.

பலூனில் 1783 முதலே ஹைட்ரஜன் இருந்தது. ஒரு பொறி பட்டால் போதும், எல்லாம் சாம்பல். ஹைட்ரஜனைவிட ஹீலியம் இருமடங்கு கனம் என்றாலும் தூக்கும் திறனில் 8 சதவீதம்கூடக் குறையாது. சுற்றியுள்ள காற்றுதான் பலூனை மேலே தள்ளுகிறது என்பதே காரணம். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ, அதே அளவு ஹீலியம் 200 கிராமுக்கும் கீழே. மிச்சமுள்ள ஒரு கிலோதான் பலூன் தூக்கும் சுமை.

முதல் உலகப் போரில் அமெரிக்கா அவசர அவசரமாக ஹீலியம் எடுத்தது. சிலிண்டர்கள் கப்பல் ஏறுவதற்குள் போர் முடிந்துவிட்டது. 1921 டிசம்பர் 1-இல் ‘சி-7’ என்ற வான்கப்பல் ஹீலியத்தை நிரப்பிக்கொண்டு முதன்முதலாகப் பறந்தது. ஜெர்மனிக்கு ஹீலியம் கிடைக்கவில்லை. ஹைட்ரஜனை நம்பிய அதன் ‘ஹிண்டன்பர்க்’ வான்கப்பல் 1937-இல் தீப்பற்றி 36 உயிர்களைக் கொண்டுபோனது.

ஆனாலும் பெருஞ்சுமையை வானின் உச்சிக்கு ஏற்ற வாயு மட்டும் போதவில்லை. அதைத் தாங்கும் உறை கனத்தால் பலன் என்ன? மளிகைக்கடைப் பையைப் போல மெல்லிய பாலித்தீன் தாள்தான் வழி திறந்தது. 1947 செப்டம்பரில் ‘ஸ்கைஹூக்’ பலூன் சுமார் 28 கிலோவை 30 கிலோமீட்டருக்கு மேலே கொண்டுபோனது. தரையில் இதன் உச்சியில் மட்டும் ஒரு குமிழ் அளவுக்கு வாயுவை விடுவார்கள். மீதி உறை துவண்டு தொங்கும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து, வாயு விரிந்து, உறை முழுக்க உப்பும். தரையிலேயே நிரப்பினால் பாதி வழியில் கிழிந்துவிடும். இன்று நாசாவின் பெரும் பலூன்கள் 3,600 கிலோவரை சுமக்கின்றன.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊர்த் திருவிழாக்களிலும் பிறந்தநாள் விழாக்களிலும் மிதக்கும் பலூன்கள் எல்லாவற்றிலும் ஹீலியம் இருப்பதாக நம்பிவிடாதீர்கள். விலை குறைவு என்பதால் ஹைட்ரஜன் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குமுன் என்ன வாயு என்று கேளுங்கள். உறுதியான பதில் வரவில்லையென்றால், மெழுகுவத்தி எரியும் கேக்குக்குப் பக்கத்தில் அந்தப் பலூனைக் கட்டாதீர்கள்.