நான்கு செலோக்களுக்கு ஒரு சின்ன ஆசை

1992 ஆகஸ்ட் 15 அன்று 'ரோஜா' வெளியானபோது ஏ.ஆர். ரஹ்மான் இசையமைப்பாளராகச் சினிமாவுக்குப் புதியவர். வீட்டுப் பின்புறம் அவர் கட்டியிருந்த பஞ்சதன் ஸ்டூடியோவில் பிறந்த பாட்டு 'சின்னச் சின்ன ஆசை'. குரல் மின்மினி. அந்தப் படத்துக்காக ரஹ்மானுக்கு ஒரு தேசிய விருது, அந்தப் பாட்டுக்காக வைரமுத்துவுக்கு இன்னொன்று. கதைப்படி ரோஜா தென்காசிப் பக்கத்துப் பெண். அவள் ஆசைகளைப் பாடித் திரிவதோ ஒகேனக்கல் காவிரிக்கரையில். சினிமாவில் ஆறுகள் இடம் மாறினால் யார் கேட்கப்போகிறார்கள்?

கச்சேரியில் பாக்கின் இசை முடிந்த கையோடு, கூட்டத்துக்குத் தெரிந்த தமிழ்ப் பாட்டு ஒன்று வேண்டும் என்று செலோ வாசிக்கும் நண்பர்கள் நால்வர் கேட்டார்கள். இந்தப் பாட்டையே நான்கு செலோக்களுக்கு எழுத உட்கார்ந்தேன். செலோக்கள் மட்டுமே கூடி வாசிப்பது புதிதல்ல. பிரேசிலின் வில்லா-லோபோஸ் 1930-இலேயே எட்டுச் செலோக்களுக்கு எழுதத் தொடங்கிவிட்டார். பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் பன்னிரு செலோக்காரர்கள் 1972-இலிருந்து குழுவாக வாசிக்கிறார்கள். சென்னையில் வி.எஸ். நரசிம்மனின் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் கர்நாடகக் கிருதிகளுக்கே ஹார்மனி கட்டிக் காட்டியது. ஆனால் அதில் வயலின் இரண்டு, வயோலா ஒன்று, செலோ ஒன்று. மூன்று வகைக்கும் தனித்தனிச் சுருதி எல்லை. இங்கே நால்வருக்கும் அதே சி, ஜி, டி, ஏ தந்திகள்தான், ஒவ்வொன்றுக்கும் இடையே ச-ப தூரம். கீழ்த் தந்திகளில் ஸ்வரங்களை நெருக்கி அடுக்கினால் ஹார்மனி கேட்காது, உறுமல்தான் கேட்கும். அதனால் அடித்தளத்தை நான்காவது செலோவிடம் விட்டேன், வில் இல்லாமல் விரலால் சுண்ட. நடுவிலிருந்த இருவரையும் மேலே ஏற்றினேன். முதல் செலோவுக்கு மெட்டு, மேல் தந்திகளில், மின்மினி பாடியதற்கு ஒரு ஸ்தாயி கீழே.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான். இந்த மெட்டில் துண்டுகள் சிறியவை, திரும்பத் திரும்ப வருபவை. பாட்டில் அது உறுத்தவில்லை. 'ஆசை' என்று ஒவ்வொரு வரியும் முடிந்தாலும் ஒவ்வொன்றும் வேறு ஆசை. வார்த்தையை எடுத்துவிட்டால் மூன்றாவது தடவையே கொட்டாவி வரும். வைரமுத்து செய்த வேலையை வில் செய்தாக வேண்டும். ஒரு துண்டை ஒருவர் தொடங்கி இன்னொருவர் முடிக்கிறார். ஒரு முறை வில் நுனியில் மெல்ல, அடுத்த முறை பிரிட்ஜுக்கு அருகே இழுத்துக் கரகரப்பாக.

அருவிச் சத்தத்துக்கு வில்லை நடுக்கி ஒரு முன்னிசை வைக்கலாமே என்றார் ஒருவர். மாட்டேன் என்றேன். ஒகேனக்கல்லில் பரிசலில் போனவர்களுக்குத் தெரியும், அந்த இரைச்சலுக்குள் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அதற்கு நான்கு செலோ எந்த மூலைக்கு?

ஒத்திகையில் நான்காவது செலோக்காரன், வயதில் இளையவன், விரலை ஊதிக்கொண்டே கேட்டான்: "அண்ணே, கடைசி வரைக்கும் நான் சுண்டிக்கிட்டேதான் இருக்கணுமா?"

கேட்டதில் நியாயம் இருந்தது. கடைசிப் பல்லவியை அவனுக்கே எழுதிக் கொடுத்தேன், ஜி, சி தந்திகளில், இன்னொரு ஸ்தாயி கீழே. மெட்டே அடித்தளமாகிவிட்டதால் மற்ற மூவருக்கும் மேலே புதிதாக எழுத வேண்டியதாயிற்று.